பால் சோதனை: பால்மானி போதுமா, நீலச் சாயம் வேண்டுமா?

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதும், அதைக் குடித்தால் உடம்புக்குக் கேடு வருமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். சேகரிப்பு நிலையங்களில் அன்றாடம் நடக்கும் சோதனைகளில் பல முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. அந்த விடையே இரண்டாவதற்கும் போதும் என்று நம்பிவிடுகிறோம்.

பாலில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைப் படிக்கும் பால்மானி மிக எளிய கருவி. பசும்பாலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, பொதுவாக 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் சேர்த்தால் குறையும், கொழுப்பை எடுத்தால் கூடும். ஆகவே ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீரும் ஊற்றினால், இரண்டு குற்றங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, கருவி வழக்கமான இடத்திலேயே மிதக்கும். இந்த ஏமாற்றைக் கெர்பர் முறை பிடித்துவிடும். அடர் கந்தக அமிலத்தில் புரதத்தைக் கரைத்து, சிறிது அமைல் ஆல்கஹால் சேர்த்துச் சுழற்றினால், பிரிந்து நிற்கும் கொழுப்பை அளவுக் குழாயிலேயே படித்துவிடலாம். ஆனால் அமிலத்தைக் கையாளப் பழகிய ஆள் வேண்டும். மீயொலிப் பகுப்பாய்வி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கொழுப்பையும் பிற திடப்பொருள்களையும் காட்டிவிடும் என்றாலும், ஒழுங்காக அளவுதிருத்தம் செய்யாத பகுப்பாய்வியைவிடக் கெர்பர் குழாயையே நான் நம்புவேன். பால் எந்த வெப்பநிலையில் பனிக்கட்டியாக உறைகிறது என்று அளக்கும் உறைநிலைமானி கொழுப்பைப் பொருட்படுத்துவதில்லை. எனவே ஆடை எடுத்த பாலிலும் தண்ணீர்க் கலப்பைக் காட்டும். சர்க்கரையோ உப்போ கரைத்திருந்தால் அதுவும் ஏமாறும்.

பால் கெடத் தொடங்கிவிட்டதா என்று அறியக் கொதிக்கவைத்துப் பார்ப்பது பழைய வழி. புளிப்பு கணிசமாக ஏறிய பிறகுதான் பால் திரியும் என்பதால், எச்சரிக்கை தாமதமாகவே வருகிறது. 68 விழுக்காடு எத்தனாலைச் சம அளவு பாலுடன் கலக்கும் ஆல்கஹால் சோதனை அதற்கு முன்பே திரிவைக் காட்டும். சீம்பாலும் மடிநோய் கண்ட மாட்டின் பாலும் இதில் திரியக்கூடும். அத்தகைய பாலையும் பொதுப் பாலில் சேர்க்கக் கூடாது என்பதால், இதை நான் குறையாகக் கருதவில்லை.

கிருமிகளின் அளவை மதிப்பிட இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் பாலிலுள்ள கிருமிகள் வெளுத்துவிடும். அந்தச் சோதனையில் 10 மி.லி. பாலுடன் 1 மி.லி. சாயக் கரைசலைச் சேர்த்து 37 பாகை செல்சியஸில் வைத்து, நீலம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்கிறார்கள். அரை மணிக்குள் வெளுத்தால் பால் மிக மோசம். 5 மணி நேரத்துக்கு மேல் தாங்கினால் மிக நன்று. கிருமிகளை ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணும் முறை துல்லியமானது, ஆனால் முடிவு வர 2 அல்லது 3 நாள் ஆகும். அதற்குள் அந்தப் பாலைக் குடித்து முடித்திருப்பார்கள். குளிரூட்டாமல் வந்துசேரும் பாலுக்குச் சாயச் சோதனையே பொருத்தம். குளிரூட்டிய பாலிலோ, குளிரில் வளரும் கிருமிகள் சாயத்தை மெதுவாகவே வெளுப்பதால், அது பொய்யான நற்சான்று கொடுத்துவிடலாம். அங்கே வழங்குநரின் தூய்மையைத் தொடர்ந்து கணிக்கத் தட்டு எண்ணிக்கைதான் உதவும்.

மாட்டுக்குக் கொடுத்து, பாலில் தங்கிவரும் மருந்து எச்சத்தின் கதை வேறு. நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பாலில் கிருமி வளர்ச்சி தடைப்படுவதால் நீலம் நெடுநேரம் மறையாது. மோசமான பால் முதல் தரமாகத் தெரியும். பல மருந்துகளும், தீவனப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் எம்1 நஞ்சும் காய்ச்சினாலும் முழுமையாக அழிவதில்லை. இவற்றுக்குத் தனித்தனிச் சோதனைப் பட்டைகள் உண்டு. சில நிமிடங்களில் முடிவு தெரியும். எல்லாக் குடங்களுக்கும் பட்டை கட்டுப்படியாகாது. பல குடங்களின் பாலைச் சேர்த்து எடுத்த மாதிரியை முதலில் சோதித்து, அதில் எச்சம் தெரிந்தால் மட்டும் ஒவ்வொன்றாகத் தேடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படித் தேட வேண்டுமானால், கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு குடத்திலிருந்தும் சிறிது பாலைத் தனியே எடுத்துக் குளிரில் வைத்திருக்க வேண்டும்.