பழைய புத்தகக் கடையில் கிடைத்த நூறு வாழ்த்துகள்

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய சந்தொன்றிலுள்ள பழைய புத்தகக் கடையில், யூதர்களின் அன்றாட வழிபாட்டை விளக்கும் ஆங்கில நூலொன்றை 150 ரூபாய்க்கு வாங்கினேன். காலை, பிற்பகல், இரவு என்னும் மூன்று வேளைத் தொழுகை பற்றிய பகுதி சுருக்கமே. ஆனால், நாளொன்றுக்கு 100 முறை இறைவனை வாழ்த்த வேண்டும் என்று யூத சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முதில் ரபி (சமய ஆசான்) மேயிர் கூறுவதையும், உண்ணும் ரொட்டிக்கும் வானத்து மின்னலுக்கும் மட்டுமன்றி, கழிப்பறை சென்று வந்தபின் உடலின் துளைகளைச் சீராகப் படைத்தமைக்கும் தனி வாழ்த்து உண்டென்பதையும் விளக்கும் அதிகாரத்துக்காகவே இதனை வாங்கலாம். தொழுகையில் உள்ளம் ஒன்றுவதைக் குறிக்கும் ‘கவனா’ என்ற எபிரேயச் சொல் நம் ‘கவனம்’ போல ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், அது என் மனத்தில் தங்கிவிட்டது. உச்சரிப்புக் குறிப்புகள் இல்லாதது குறையே. அட்டை கிழிந்த பிரதிக்கும் கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை.