ஈறு நோய்க்குப் புரோபயாட்டிக் மாத்திரை விற்கிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈரோட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவது ரொம்ப நாளாகவே உண்டு, சர்க்கரையும் இருக்கிறது. போன வருடம் வாய் நாற்றமும் சேர்ந்துகொள்ள, போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து ‘ஈறு அழற்சியை வேரோடு போக்கும் புரோபயாட்டிக்’ (அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா) என்று ஒரு சப்பும் மாத்திரையை மூன்று மாத கோர்ஸாக வாங்கினார். 4,800 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த மாதங்களில் அவருடைய கீழ்த்தாடை எலும்பு கரைந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வாட்ஸ்அப்பில் அவரிடம் பேசிய ‘ஆலோசகர்’ முதலில் சொன்னதே, “க்ளீனிங் மட்டும் போயிடாதீங்க மேடம், சுரண்டினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்” என்பது. நம் ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே இதை நம்புகிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உண்மையில் ஈறு நோய் முற்றிய பல்லைச் சுற்றி எலும்பு முன்பே குறைந்திருக்கும், பல்லில் கல்லாக இறுகிப் படிந்த அழுக்கான காரைதான் அதைப் பிடித்து நிற்கும், ஈறும் வீங்கி இடைவெளியை மூடியிருக்கும். காரையை எடுத்து வீக்கமும் வடிந்த பிறகு அந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். ரத்தம் நிற்கவில்லை என்று அக்கா கேட்டபோது “கெட்ட கிருமி வெளியேறுது, பயப்படாதீங்க” என்று பதில். ஈறில் ரத்தம் வருவது அழற்சி இருப்பதற்கு அடையாளம். அதைக் குணமாவதற்கு அடையாளம் என்று ஒரு சர்க்கரை நோயாளியிடம் சொல்ல எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை.

கடைசியில் ஒரு பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் “மூணு, நாலு, ஆறு, ஆறு” என்று எண் சொல்லிக்கொண்டே போனார். மூன்று மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை விழுந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

அந்த மாத்திரைக்காரர்கள் அனுப்பிய ‘ஆதாரம்’ ஒன்றையும் அக்கா வைத்திருந்தார். 2013-ல் பெல்ஜியம், துருக்கி ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு, லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா உள்ள மாத்திரையை 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. ஆய்வு பொய்யில்லை. ஆனால் அதில் இருந்த 30 பேருக்கும் முதலில் ஈறுக்கு அடியில் முழுமையாகக் காரை நீக்கிய பிறகுதான் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். இவர்கள் முன்பாதியை அப்படியே வெட்டிவிட்டு, பின்பாதியை மட்டும் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 2020-ல் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு, காரை நீக்கும் சிகிச்சையோடு கூடுதலாகக்கூடப் புரோபயாட்டிக் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதை மட்டும் யாரும் அனுப்பவில்லை.

மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்த வரை இதுதான்: காரையிலும் பைக்குள்ளும் பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரிக் கிருமிகள் காற்றில்லாத இடத்தில் குடியிருக்கின்றன, அவற்றோடு சண்டை போட உடம்பு அனுப்பும் அணுக்களும் அவை விடும் வேதிப்பொருள்களும் கிருமியை விரட்ட முடியாமல் நம் ஈறையும் எலும்பையுமே அரிக்கின்றன. சில நல்ல பாக்டீரியா அந்த அழற்சியைக் கொஞ்சம் தணிக்கலாம், அதற்காகத்தான் ஆராய்ச்சியே. ஆனால் நாக்கில் கரையும் மாத்திரை ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் கல்லாக ஒட்டியிருக்கும் காரையை என்ன செய்யும்? சாப்பிடுவதை நிறுத்தினால் அந்தப் பாக்டீரியாவும் வாயில் நிலைத்துத் தங்குவதில்லை.

அப்புறம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ‘கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா’. எந்தப் பாக்டீரியா, என்ன ரகம், ஒரு மாத்திரையில் எவ்வளவு, எதுவுமே இல்லை. அடியில் காலாவதித் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. உணவுச் சப்ளிமென்ட் என்று உரிமம் வாங்கிவிட்டு நோயைக் குணமாக்கும் என்று விற்கக் கூடாது, அதனால்தான் விளம்பரத்தில் ஒன்றும் டப்பாவில் ஒன்றும். ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்றும் போட்டிருக்கிறது, சித்திரை வெயிலில் கூரியரில் வந்த பொருளுக்கு! அதில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருந்திருக்கும்?

பணம் கேட்டதற்கு “திறந்த டப்பாவுக்கு ரீஃபண்ட் இல்லை” என்றார்கள், மறுநாள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்திருக்கிறோம்.

அக்காவுக்கு இப்போது ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தாயிற்று, ரத்தம் நன்றாகவே குறைந்திருக்கிறது. போன எலும்பு தானாகத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இறங்க மறுக்கும். காசு யோசித்து க்ளீனிங்கைத் தள்ளிப்போடுபவர்கள் தயவுசெய்து பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் ஒருமுறை விசாரியுங்கள், சென்னைக்காரர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் டப்பா, பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். “க்ளீனிங் போகாதீங்க” என்று அவர்கள் சொன்ன வரியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எங்கள் புகாரில் முதலில் இணைத்ததே அதைத்தான்.