தேளியா, மாகூரா? குளத்தில் விடுமுன் ஒரு கணக்கு

தோட்டத்துக் குளத்திலோ பண்ணைக்குட்டையிலோ காற்று குடிக்கும் கெளுத்தி வளர்க்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: தேளி, நாட்டு மாகூர், ஆப்பிரிக்கக் கெளுத்தி. மூன்றையும் விலை கேட்டுப் பார்த்துவிட்டு நான் விட்டது தேளி. ஆகவே இந்த அலசல் தேளிப் பக்கம் சாயும். தெரிந்தே படியுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடிய மீன் அது. கோழிக் கழிவைப் போட்டாலும் எடை ஏறும், கூட இருக்கும் மீனையும் தின்னும், வெள்ளத்தில் வெளியே போனால் ஆற்றில் இருப்பதையும் விடாது. இந்தியாவில் வளர்க்கத் தடை உண்டு. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இருப்பவற்றை அழிக்கச் சொல்லிவிட்டது. ஆனாலும் இந்தப் பெயரை மறந்துவிட வேண்டாம். இந்த அலசலின் முக்கியமான இடத்தில் இது மறுபடி வரும்.

மிச்சம் தேளியும் மாகூரும். இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் செதில் கிடையாது, நான்கு ஜோடி மீசை உண்டு, இரவில்தான் சுறுசுறுப்பாக மேயும், புழு பூச்சி நத்தை எல்லாம் தின்னும். ரோகு, கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திணறும் குழம்பிய தண்ணீரிலும் இரண்டும் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான மீன்கள் அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாக வெளியேற்றிவிடும். சேற்றுக்குள் மாட்டிக்கொண்ட மீனால் அது முடியாது. அந்த நிலையில் இவை இரண்டும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிக்கொள்ளும். ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கோடையில் குட்டை வற்றிச் சேறாகிப் போன பிறகும் உள்ளே உயிரோடு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றைக் குடிக்கிற உறுப்பு மட்டும் இரண்டிலும் வேறு வேறு. மாகூருக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து கிளைவிட்ட சிவப்பான உறுப்புகள் அந்த அறைக்குள் குட்டிப் பவளச்செடி போல நிற்கும். வாயால் விழுங்கிய காற்று அங்கே தங்கும். ரத்தம் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தேளியிடம் இந்தக் கிளைகள் கிடையாது. அதற்குப் பதில் செவுள் அறையிலிருந்து இரண்டு நீளமான பைகள் கிளம்பி, முதுகெலும்பின் இரு பக்கமும் சதைக்குள்ளேயே வால்பக்கம் வரை ஓடுகின்றன. சமையலுக்கு அரியும்போது முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை மெதுவாக விட்டால், மெல்லிய சவ்வுக் குழாயாக இவற்றைப் பார்க்கலாம். சாக்கோபிராங்கஸ், அதாவது பைச்செவுளி, என்றுதான் ஒரு காலத்தில் தேளியின் பேரினத்தை அழைத்தார்கள்.

இந்த உறுப்பு வேறுபாட்டாலும் குட்டையான முதுகுத் துடுப்பாலும் தேளிக்கு ஹெட்டிரோநியூஸ்டிடே என்று தனிக் குடும்பம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மாகூர் இருப்பது கிளாரிடே குடும்பத்தில். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கும், நூறு இனங்களுக்கு மேல் உள்ள குடும்பம் அது. கேரளத்துக் கிணறுகளில் வரும் கண்ணில்லாத ஹோராகிளானிஸ்கூட இந்தக் குடும்பம்தான். அதில் ஓர் இனத்துக்கு 2012-இல் அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். தேளியையும் கிளாரிடேக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்பவர்களும் உண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதில் தகராறு இல்லை. தனி வீடா, ஒரே வீடா என்பதில்தான். குளத்துக்காரனுக்கு அந்தச் சண்டையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

சரி, மாகூர் எங்கே ஜெயிக்கிறது? சதையில். தேளி நீளமாக இருக்கும், ஆனால் ஒல்லி. தலையையும் வாலையும் வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மாகூர் உருண்டு திரண்டிருக்கும், அதே காலத்தில் கூடுதல் எடையும் போடும். ருசியிலும் மாகூர் ஒரு படி மேல் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். வங்காளத்தில் இரண்டையும் உயிரோடு தொட்டியில் வைத்து விற்பார்கள். நோயிலிருந்து எழுந்தவர்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். அங்கேயும் மாகூருக்குத்தான் மவுசு. பீகார் அதை மாநில மீனாகவே வைத்திருக்கிறது.

தேளியின் பெரிய குறை அதன் முள். மார்புத் துடுப்பின் முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஒரு கூர்முள், அதில் விஷம். பிடித்ததும் முள்ளை விறைப்பாக நிறுத்திக்கொள்ளும். குத்தினால் கடுப்பு முழங்கை வரை ஏறும், நான் வாங்கியிருக்கிறேன். கை பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை முக்கி வைத்தால் வலி தணியும், ஏனென்றால் அந்த விஷம் சூட்டில் கெடும். வீக்கம் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போவதே நல்லது. சின்னப் பிள்ளைகள் இறங்கி விளையாடும் குளத்தில் தேளி வேண்டாம் என்றே சொல்வேன். வலையிலும் தொல்லை உண்டு. முடிச்சு வலையில் அந்த முள் மாட்டிக்கொண்டால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்; முடிச்சில்லாத நைலான் வலை வாங்கினால் பாதி வேலை மிச்சம். அறுக்கும்போது முதலில் இடுக்கியால் முள்ளை ஒடித்துவிட்டு, அப்புறம் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து வழுவழுப்பைப் போக்குவார்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

எடையிலும் தோற்று, முள்ளிலும் தோற்ற மீனை எதற்கு விட்டாய் என்று கேட்பீர்கள். வாங்குகிற குஞ்சு இன்ன மீன்தான் என்று கரையில் நின்றே நிச்சயமாகச் சொல்ல முடிவது தேளியில் மட்டும்தான். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது.

விரல் நீள மாகூர் குஞ்சையும் அதே அளவுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சையும் ஒரே வாளியில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே நாடாவாக ஓடும். இரண்டும் கருத்த உடம்பு, தட்டைத் தலை, எட்டு மீசை. வளர்ந்த பிறகு பிரித்துச் சொல்லலாம்: ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலை பெரிது, உடம்பில் பளிங்குக் கல் மாதிரி திட்டுத்திட்டாக நிறம் ஓடும், மண்டை ஓட்டின் பின்விளிம்பும் இரண்டிலும் வேறு வடிவம். குஞ்சுப் பருவத்தில் இது எதுவும் கண்ணுக்குத் தெளிவாகப் பிடிபடாது. 'நாட்டு மாகூர்' என்று சொல்லி வேறொன்றைக் கொடுப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். எனக்கும் ஒரு வியாபாரி பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டி 'அசல் நாட்டு மாகூர், சார், ஆறு மாசத்துல ஒரு கிலோ' என்றார். நாட்டு மாகூர் ஆறு மாதத்தில் ஒரு கிலோ வராது. நூறு, நூற்றைம்பது கிராமுக்கே பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய மீன் அது. சொன்ன எடையே சரக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கலப்பினம் வேறு இருக்கிறது. தாய்லாந்தில் அந்த ஊர்க் கெளுத்திப் பெண்ணையும் ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆணையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பு மீன்தான் பண்ணைகளில் பெருவாரியாக வளர்கிறது. 'தாய்லாந்து மாகூர்' என்று நம் பக்கம் சொல்வதில் எது அசல் ஆப்பிரிக்கன், எது கலப்பு என்று பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவறி வாங்கிவிட்டால் பணம் மட்டும் போவதில்லை. தடை செய்யப்பட்ட மீனை வளர்த்தவர் நீங்கள் என்றாகிவிடும். அதிகாரிகள் வந்தால் மொத்தத்தையும் அழிப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அசல் மாகூரே கிடைத்தாலும் அது எந்த ஊருக்கு 'நாட்டு' மீன்? நீண்ட காலம் இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை எல்லாவற்றையும் கிளாரியஸ் பட்ராகஸ் என்றே எழுதி வந்தார்கள். 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. 2008-இல் ஹியோக் ஹீ இங், மௌரிஸ் கொட்டெலாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் குழப்பத்தை அலசி, அந்தப் பெயர் ஜாவா மீனுக்கு உரியது என்று நிலைநாட்டினார்கள். அதன் பிறகு கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீனுக்கு, ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது வைத்த மாகூர் என்ற பெயரே திரும்ப வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், கேரளத்தில் முஷி என்று சொல்லும் மீன் கிளாரியஸ் டுசுமியேரி. இலங்கையில் இருப்பது கிளாரியஸ் பிராக்கிசோமா. ஆக, வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ ரயிலேறி வரும் மாகூர் குஞ்சு தெற்கே வந்தால் அதுவும் ஒரு வெளியூர் மீன்தான். வரப்பு உடைந்து ஒரு மழையில் வாய்க்காலுக்குப் போனால், உள்ளூரில் மிஞ்சியிருக்கும் சொந்தக்கார இனத்தோடு கலக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மாகூர் அதன் சொந்த இடத்திலேயே அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பது தனிக் கதை.

தேளியில் இந்தத் தலைவலி இல்லை. முதுகுத் துடுப்பு குட்டையாக, உடம்பின் முன்பாதியில் ஒரு சின்னக் கொடி மாதிரி நிற்கும், அவ்வளவுதான். வயிற்றுக்கு அடியில் தொடங்கும் துடுப்பு மட்டும் நீண்டு ஓடி, வாலுக்கு முன்னால் ஒரு சின்ன வெட்டோடு நின்றுவிடும். குஞ்சுகளுக்குச் செம்பழுப்பு நிறம், பக்கவாட்டில் இரண்டு வெளிறிய கோடுகள். பையில் எதைக் கலந்து கொடுத்தாலும் ஒரு வெள்ளைப் பேசினில் கொட்டினால் நொடியில் பிரித்துவிடலாம்.

ஊர் விஷயத்திலும் சந்தேகமில்லை. 1794-இல் பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் பிளாக் இந்த மீனை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தபோது அவர் கையில் இருந்தது தரங்கம்பாடியிலிருந்து போன மீன். அன்றைக்கு டேனியர்களிடம் இருந்த ஊர். அங்கிருந்த ஜான் என்ற பாதிரியார், பிளாக்குக்கு மீன்களைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். காவிரிக் கடைமடையில் குளம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா? இருக்கிற தேளி எல்லாம் ஒரே இனம்தானா என்ற கேள்வி இங்கேயும் உண்டு. ஆனைமலைப் பக்கத்திலிருந்து 1999-இல் இன்னொரு தேளி இனத்தை விவரித்தார்கள். ஆனாலும் டெல்டாவுக்கு உரியது எது என்பதில் குழப்பம் வராது.

குஞ்சு உற்பத்தியைப் பொறுத்தவரை நான் வாங்கி விடுபவன் மட்டுமே, பொரிப்பகம் நடத்தியவன் இல்லை. கேட்டறிந்ததைச் சொல்கிறேன். மாகூரில் ஆண் மீனைப் பிழிந்து விந்து எடுக்க முடியாது. வயிற்றைக் கிழித்து விரையை எடுத்து நசுக்கி, பெண்ணிடமிருந்து பிழிந்த முட்டையோடு கலக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆண் மீன்கள் பலி. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இந்த முறையைச் சீராக்க நிறைய உழைத்திருக்கிறது, இருந்தும் குஞ்சுத் தட்டுப்பாடு தீரவில்லை. தேளிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியில் விட்டால் தானாகவே முட்டையிடும். அதனால் சின்னப் பொரிப்பகம்கூட தேளிக் குஞ்சு கொடுக்கும், ஏமாற்ற வேண்டிய அவசியமும் குறைவு.

பராமரிப்பில் இரண்டுக்கும் ஒரே கவனம்தான்: மேலே வந்து போக வழி வேண்டும். ஆகாயத்தாமரை மூடிவிட்டால் காற்று குடிக்க இடமில்லை. குளம் ரொம்ப ஆழமாக இருந்தால் ஏறி இறங்குவதிலேயே தீனியின் பலன் போய்விடும். இடுப்பளவுத் தண்ணீர் போதும். ஓரமாக நின்று பாருங்கள், தேளி அம்பு மாதிரி நேராக மேலே வரும், ஒரு வாய் காற்றை இழுக்கும், திரும்பும்போது செவுள் ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி விடும். கொக்கும் நீர்க்காகமும் அந்த நொடிக்காகத்தான் காத்திருக்கும். மேலே வலை கட்டுவது வீண் செலவு இல்லை.

மழை நாளில் இரண்டும் வெளியேறப் பார்க்கும். இதில் மாகூர் மோசம், மார்பு முள்ளை ஊன்றி உடம்பை நெளித்துத் தரையிலேயே நகர்ந்துவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1960-களில் தப்பித்த இதன் சொந்தக்கார மீன் பக்கத்துப் பண்ணைகளுக்குள் நடந்து போய் அங்குள்ள மீனைத் தின்றது. அங்கே பண்ணைக்காரர்கள் குளத்தைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. தேளிக்கு முழங்கால் உயர வலை எனக்குப் போதுமாக இருக்கிறது. பெருவெள்ளத்தை என் குளம் இன்னும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏக்கர் கணக்கில் வளர்த்து லாரியில் ஏற்றுபவருக்கு எடைதான் கணக்கு. அவர் நம்பகமான அரசுப் பொரிப்பகத்திலிருந்து ரசீதோடு மாகூர் வாங்கினால் என் வாதம் பாதி அடிபட்டுவிடும். கேரள எல்லையை ஒட்டி, மேற்கே பாயும் ஆற்றுப் பக்கம் இருப்பவர் என்றால் வடக்கத்தி மாகூரை விட்டுவிட்டு, உள்ளூர் முஷிக் குஞ்சு கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கட்டும். டெல்டாவில் சின்னக் குளம், வீட்டுத் தேவை போக மிச்சத்தை உயிர்மீனாக விற்பது என்றால் தேளி. குஞ்சு வாங்கப் போகும்போது ஒரு வெள்ளைப் பேசினைக் கையோடு எடுத்துப் போங்கள்.