ஒரு குண்டா, இரண்டா: ஸ்பேஸ் இன்வேடர்ஸ், கேலக்ஸியன், கேலகா

காசு போட்டு ஆடும் இந்த மூன்று ஆர்கேட் வீடியோ ஆட்டங்களையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஆட்டம்தான். கீழே உங்கள் கப்பல், மேலே அணிவகுத்த எதிரிக் கூட்டம், இடமும் வலமும் தவிர வேறு திசை இல்லை, சுட ஒரே பட்டன். மூன்றும் ஜப்பானில் பிறந்தவை. டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978, நாம்கோவின் கேலக்ஸியன் 1979, அதே நாம்கோவின் கேலகா 1981. ஆனால் ஒன்றில் கைதேர்ந்தவரை இன்னொன்றின் முன்னால் நிறுத்தினால் முதல் நிமிடத்திலேயே ஒரு லைஃப் போய்விடும்.

இதற்குக் கிராஃபிக்ஸையோ வேகத்தையோ காரணம் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒரு சின்ன விதி: நீங்கள் சுட்ட குண்டு ஒரே நேரத்தில் திரையில் எத்தனை இருக்கலாம்? இன்வேடர்ஸில் ஒன்று. கேலக்ஸியனிலும் ஒன்று. கேலகாவில் இரண்டு, இரட்டைக் கப்பல் கிடைத்துவிட்டால் நான்கு. எங்கே நிற்பது, யாரை முதலில் அடிப்பது, எதை விட்டுவைப்பது எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தது.

இன்வேடர்ஸ்: எண்ணத் தெரிந்தவருக்கு

வரிசைக்கு 11 பேராக 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அடி இரண்டு வரிசைக்கு ஆளுக்கு 10 புள்ளி, நடு இரண்டுக்கு 20, உச்சி வரிசைக்கு 30. ஒரு அணியை முழுக்கத் துடைத்தால் 990.

குண்டு எதன் மீதும் படாமல் போனால், அது உச்சிக்குப் போய் வெடித்து மறையும் வரை அடுத்தது கிடையாது. அந்த ஒரு விநாடி போல நீங்கள் நிராயுதபாணி. அதனால் எதிரி நெருங்க நெருங்கச் சுடும் வேகம் தானாகக் கூடும். குண்டு போக வேண்டிய தூரம் குறைகிறது, அவ்வளவுதான்.

எதிரிகள் குறையக் குறைய மீதி உள்ளவர்கள் வேகமெடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு உள்ளே இருப்பது 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 பிராசஸர். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒரு முறை வரையப்படும் நேரத்துக்கு, ஒரே ஒரு எதிரியைத்தான் அது நகர்த்தி வரைகிறது. 55 பேர் இருந்தால் மொத்தக் கூட்டமும் ஓரடி வைக்க 55 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு விநாடி. 5 பேர் என்றால் 5 ஃபிரேம். ஒற்றை ஆள் மிஞ்சினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவன் நகர்வான், வலப்பக்கம் போகும்போது 3 பிக்ஸல், இடப்பக்கம் திரும்பும்போது 2. ஆகவே கடைசி ஆளை அவன் இடப்பக்கம் வரும்போது அடிப்பது நல்லது. குறி அவன் மீது அல்ல, அவனுக்கு நன்றாக முன்னால்.

அடுத்தது, திரையின் உச்சியில் குறுக்கே போகும் பறக்கும் தட்டு. அதன் மதிப்பு குலுக்கல் போலத் தோன்றும், உண்மையில் நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கைதான் அதை முடிவு செய்கிறது. ஒரு அணியில் 23ஆவது குண்டு தட்டில் பட்டால் 300. அதன் பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் 300. புது அணி வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மூன்று தட்டு அடித்தாலே 900, அதாவது ஏறக்குறைய ஓர் அணியின் விலை. தட்டு சுமார் 25 விநாடிக்கு ஒரு முறை வரும். 22 குண்டு முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு குண்டு வீணானாலும் கணக்கு தவறிவிடும். எதிரிகள் 8 பேருக்குக் கீழே போனால் தட்டு வருவதே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரப்பட்டுத் துடைப்பவர்களுக்குத் தட்டு கிடைப்பதில்லை.

உங்கள் கப்பலுக்கு மேலே மறைப்பாக நிற்கும் நான்கு அரண்களைப் பற்றி ஒன்றே ஒன்று. அரணுக்கு அடியில் நின்று ஒரே இடத்தில் சுட்டு, குண்டு போகும் அளவுக்கு மட்டும் ஒரு சந்து துளைத்துக்கொள்ளுங்கள். அகலமாகத் துளைத்தால் எதிரி குண்டும் அதே வழியில் வரும்.

ஜப்பானில் 'நகோயா உச்சி' என்று பேர் பெற்ற வித்தை ஒன்று உண்டு, நகோயா அடி என்று வைத்துக்கொள்ளலாம். எதிரி வரிசை தரைக்கு ஒரு படி மேலே வரை இறங்கிவிட்டால், அவர்கள் விடும் குண்டு உங்கள் கப்பலுக்குக் கீழே இருந்துதான் பிறக்கும், உங்கள் மேல் படவே படாது. அந்த நிலையில் நிதானமாகச் சுடலாம். ஆனால் இன்னும் ஒரே ஒரு படி இறங்கினால், கையில் எத்தனை லைஃப் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. எனவே முதலில் ஓரத்து நெடுவரிசைகளை அடித்துக் கூட்டத்தின் அகலத்தைக் குறைத்துக்கொள்வார்கள். சுவருக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகும், அடுத்த இறக்கம் தள்ளிப் போகும்.

கேலக்ஸியன்: ஒரே குண்டு, அரண் கிடையாது

நாம்கோ இதை இன்வேடர்ஸுக்குப் போட்டியாகவே செய்தது. எதிரிகள் இப்போது பல வண்ணத்தில் மின்னினார்கள். இன்வேடர்ஸில் கறுப்பு வெள்ளைத் திரை மேல் ஒட்டிய வண்ணத் தாள்தான் நிறம் காட்டியது. பின்னால் நகரும் நட்சத்திரங்களை 17 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்ற மின்சுற்று ஹார்டுவேரிலேயே உருவாக்கியது, இஸட்80 பிராசஸருக்கு அந்தச் சுமை இல்லை. இந்த சர்க்யூட் போர்டை அடிப்படையாக வைத்துப் பின்னால் மற்ற நிறுவனங்களும் ஆட்டங்கள் செய்தன, மூன் கிரெஸ்டா அப்படி வந்ததுதான்.

ஆட்டமாகப் பார்த்தால், மூன்றில் மிகக் கொடுமையானது இதுதான். 46 எதிரிகள் மெல்ல இறங்கி வருவதில்லை, கூட்டத்தை விட்டுப் பிரிந்து வளைந்து வளைந்து பாய்கிறார்கள். உங்களிடமோ இன்னும் ஒரே குண்டு, ஒளிய அரணும் இல்லை. பாய்பவன் உச்சியில் இருக்கும்போதே சுட்டுத் தவறவிட்டால், அவன் உங்கள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் உங்கள் குண்டு வானத்தில் எங்கோ போய்க்கொண்டிருக்கும். இன்வேடர்ஸ் பழகியவர் சாவது இங்கேதான். அங்கே தவறு நேரத்தைத் தின்றது, இங்கே லைஃபையே தின்கிறது.

எனவே பாய்பவனை முடிந்தவரை கீழே வரவிட்டுச் சுடுங்கள். பட்டாலும் படாவிட்டாலும் முடிவு உடனே தெரியும். தப்பியவன் திரைக்குக் கீழே மறைந்து மேலே வந்து தன் இடத்தில் சேர்ந்துகொள்வான், அவனைத் துரத்த வேண்டாம்.

புள்ளிக் கணக்கிலும் இந்த ஒற்றைக் குண்டு வேலை காட்டுகிறது. அணியில் நிற்கும்போது நீலத்துக்கு 30, ஊதாவுக்கு 40, சிவப்புக்கு 50. பாயும்போது அடித்தால் இரு மடங்கு. தலைமைக் கப்பல் அணியில் நின்றால் 60, தனியாகப் பாயும்போது 150. அது இரண்டு சிவப்புத் துணைகளோடு பாயும்போது இரண்டு துணைகளையும் முதலில் வீழ்த்தி, பிறகு தலைவனை அடித்தால் 800. ஒரே பாய்ச்சலுக்குள் மூன்று குண்டு, மூன்றும் பட வேண்டும், ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது. முதல் துணையை உயரத்திலேயே எடுக்காவிட்டால் மூன்றாவதற்கு நேரம் இருக்காது. அதே சமயம் உயரத்தில் சுட்டுத் தவறினால் மேலே சொன்ன கதிதான். இந்த இழுபறிதான் கேலக்ஸியனின் சுவை என்பேன். சிவப்புகளை அணியில் வைத்தே சுட்டுத் தள்ளுபவர்களுக்கு இந்த 800 கிடைக்க வழியே இல்லை, துணைக்கு ஆள் வேண்டுமே.

பாயும் தலைவனை வீழ்த்தினால் மிச்சக் கூட்டம் அதிர்ச்சியில் சிறிது நேரம் பாயாமல் நிற்கும். அந்த இடைவெளியில் அணியில் நிற்பவர்களைக் குறையுங்கள்.

கேலகா: இரண்டாவது குண்டு வந்த பிறகு

கேலகாவில் 40 பேர்: 4 பாஸ் (தலைமை எதிரிகள்), 16 வண்ணத்துப்பூச்சி, 20 தேனீ. எட்டெட்டாக ஐந்து கொத்தாக வந்து அணி சேர்கிறார்கள். இரண்டு குண்டு இருப்பதால் அவர்கள் நுழையும்போதே சுடலாம், அப்போது ஒரே பாதையில் ஒருவர் பின் ஒருவராக வருவதால் கப்பலை நகர்த்தாமலேயே பாதிக் கொத்தைச் சாய்க்க முடியும். கேலக்ஸியனில் இது நடக்காது.

பாஸுக்கு இரண்டு அடி தேவை. பச்சை நிறம் மாறினால் முதல் அடி பட்டது என்று அர்த்தம். இரண்டு துணையோடு பாயும் பாஸுக்கு 1,600, ஒரு துணை என்றால் 800, தனியே 400, அணியில் நிற்கும்போது வெறும் 150. கேலக்ஸியன் போலத் துணைகளை முதலில் வேட்டையாட வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி இரட்டைக் கப்பல், அதாவது பாஸிடம் பிடிகொடுத்த கப்பலை மீட்டு இரண்டையும் சேர்த்து ஆடுவது. இதைச் செய்யாமல் கேலகா ஆடுவது, சாம்பார் இல்லாத இட்லி. முறை இது. கையில் குறைந்தது ஒரு லைஃப் மிச்சம் இருக்க வேண்டும், கடைசிக் கப்பலைப் பிடிகொடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். முதல் ஸ்டேஜில் மற்றவர்களைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, ஒரு பாஸை மட்டும் ஓரடி அடித்து நிறம் மாற்றி வையுங்கள். அது தனியே இறங்கி நின்று கப்பலைப் பிடித்திழுக்கும் நீலக் கதிரை விரிக்கும்போது உள்ளே போய் நில்லுங்கள். பிடிபட்ட கப்பல் சிவப்பாகி பாஸோடு மேலே போகும். அடுத்த கப்பலோடு காத்திருங்கள். பாஸ் அதை இழுத்துக்கொண்டு பாயும்போது ஒரே குண்டில் பாஸை அடியுங்கள், கப்பல் இறங்கி வந்து பக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

கெடுவது இரண்டு இடத்தில். பாஸ் அணியில் நிற்கும்போது அடித்தால் கப்பல் திரும்பாது, எதிரியாகவே பாய்ந்து வெளியேறி, அடுத்த ஸ்டேஜில் வேறொரு பாஸோடு வரும். அதைவிடச் சோகம், பதற்றத்தில் பாஸுக்குப் பதில் சொந்தக் கப்பலையே சுடுவது. முன்கூட்டியே பாஸுக்கு ஓரடி கொடுத்து வைப்பது இதற்குத்தான். இரண்டு குண்டு அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டாவது சொந்தக் கப்பலில் படும் வாய்ப்பு அதிகம்.

இரட்டையானதும் உங்கள் அகலமும் இரட்டிப்பாகிறது. சந்துகளில் நுழைந்து தப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் நின்று வருபவர்களை அடித்தே வழி செய்ய வேண்டும். பலன் சேலஞ்சிங் ஸ்டேஜில் தெரியும். 3ஆவது ஸ்டேஜ், பிறகு நான்குக்கு ஒன்றாக 7, 11 என்று வரும். எதிரி சுடமாட்டான், 40 பேரையும் அடித்தால் 10,000 போனஸ். ஒற்றைக் கப்பலில் இதற்குப் பாதைகளை மனப்பாடம் செய்ய வேண்டும், இரட்டையில் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

கேலகாவின் ஆர்கேட் பதிப்பில் ஒரு பிரபலமான ஓட்டையும் உண்டு. முதல் ஸ்டேஜில் இடப்பக்கக் கடைசியில் உள்ள இரண்டு தேனீக்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைத் துடையுங்கள். பிறகு சுடாமல் தப்பித்துக்கொண்டே இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவை குண்டு போடுவதை நிறுத்திவிடும். எதிரி குண்டுகளுக்கு நினைவகத்தில் 8 இடம்தான். திரையின் விளிம்பில் தேனீ விடும் சில குண்டுகள் நகராமல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, எட்டும் நிரம்பினால் புதுக் குண்டுக்கு இடமில்லை. சில சுற்று பார்த்து உறுதி செய்துகொண்டு இரண்டையும் சுட்டால், அதற்குப் பிறகு எந்த ஸ்டேஜிலும் யாரும் சுடமாட்டார்கள். சுவாரசியமும் அத்தோடு போய்விடும் என்பது வேறு விஷயம்.

எதை, எதில் ஆடுவது

புதிதாகத் தொடங்குபவருக்குக் கேலகா. தவறைப் பொறுத்துக்கொள்ளும், அதே சமயம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நிதானமும் கணக்கும் பிடித்தவருக்கு இன்வேடர்ஸ். கேலக்ஸியனைக் கடைசியில் எடுங்கள், கேலகாவின் இரண்டு குண்டுக்குப் பழகிய கை அதில் முதல் சில நாள் தடுமாறும்.

90களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு 'டிவி கேம்' என்று வந்த பெட்டிகள் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். பல ஆட்டங்களை ஒரே கேசட்டில் அடைத்தபோது கேலக்ஸியன் அதில் எளிதாக இடம் பிடித்தது. 1984-இல் வந்த அந்த ஃபேமிகாம் பதிப்பின் புரோகிராம் வெறும் 8 கிலோபைட். அங்கே பழகியவர்கள் ஆர்கேட் பதிப்பைத் தொட்டால் ஒரு வித்தியாசம் உணர்வார்கள். மூன்று ஆர்கேட் ஆட்டங்களும் நெட்டுக்குத்தான திரைக்கு எழுதப்பட்டவை, கேலகா 224 பிக்ஸல் அகலம், 288 பிக்ஸல் உயரம். டிவி குறுக்காகப் படுத்தது. அதனால் டிவி பதிப்பில் பாய்பவன் உங்களை அடைய எடுக்கும் தூரம் குறைவு, தப்பிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் ஆடுபவர்கள், முடிந்தால் மானிட்டரைச் சுழற்றி நெட்டாக நிறுத்திவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கில் இடம் வலம் போதும். தானாகத் தொடர்ந்து சுடும் ஆட்டோஃபயரை மட்டும் அணைத்து வையுங்கள். குண்டுக்கு வரம்பு இருக்கும் ஆட்டத்தில் அது வேகத்தைக் கூட்டாது. குறி இல்லாத நேரத்திலும் குண்டை மேலே அனுப்பிவிட்டு, எதிரி எதிரே வரும்போது உங்களை வெறுங்கையோடு நிற்க வைக்கும். இன்வேடர்ஸில் தட்டுக்கு வைத்திருந்த 22 குண்டுக் கணக்கும் போச்சு.