கோழித் தடுப்பூசிக்குத் துணை: சப்போனினா, ஜின்செங்கா, நம் ஊர் மூலிகையா?

சென்னைப் புறநகரில் ஐம்பது அறுபது நாட்டுக்கோழி வளர்ப்பவரிடம் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) பற்றிப் பேச்செடுத்தால், தடுப்பூசியோடு மஞ்சள் கொடுக்கலாமா, நிலவேம்பு கொடுக்கலாமா என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. தடுப்பூசிக்குள்ளேயே கலக்கப்படும் தாவரப்பொருளும், தண்ணீரில் தரப்படுவதும், தீவனத்தில் அரைத்துப் போடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதால், மூன்றையும் 'மூலிகை' என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வகையில்தான் சான்று வலுவாக இருக்கிறது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரை பொங்குவதற்குக் காரணமான சப்போனின் என்ற பொருள், சிலி நாட்டில் வளரும் குவில்லாயா மரத்தின் பட்டையிலும் உண்டு. இந்தப் பட்டையின் சப்போனின் மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசிகள் சிலவற்றிலும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் கியூ.எஸ்.-21 என்ற கூறு மனிதர்களுக்கான அக்கித் தடுப்பூசியிலும் சேர்க்கப்படுகின்றன. எதிர்ப்பொருளைப் பெருக்குவதோடு நோய்த்தொற்றிய செல்களைத் தாக்கும் அணுக்களையும் தூண்டுவது இதன் சிறப்பு. சிவப்பணுவின் சவ்வை உடைத்துவிடுவதும், அளவு மிஞ்சினால் ஊசி போட்ட இடத்தைப் புண்ணாக்குவதும் இதன் குறை. ஆகவே வீட்டில் பூந்திக்கொட்டையைக் கரைத்து மருந்துக் குப்பியில் சேர்க்க யாரும் துணியக் கூடாது. முட்டைக்கோழிப் பண்ணைகளில், செயலிழக்கச் செய்த கிருமியோடு கனிம எண்ணெய்க் குழம்பைச் சேர்த்த ஊசியே எதிர்ப்பொருளைப் பெருக்கும் வேலையை மலிவாகச் செய்துவிடுவதால், சப்போனினுக்கு அங்கே அவசரத் தேவை எழவில்லை.

இரண்டாவது வகையில், ஜின்செங் செடியின் தண்டு, இலைகளிலுள்ள சப்போனினைத் தடுப்பு மருந்துக்கு முந்தைய சில நாட்கள் குடிநீரில் கொடுத்தபோது, வெள்ளைக் கழிச்சலுக்கும், குஞ்சுகளின் நோயெதிர்ப்பைத் தாக்கும் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கும் எதிர்ப்பொருள் கூடியதாகச் சீன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தகைய முடிவுகளை வாசிக்கும்போது அளவீட்டையும் கவனிக்க வேண்டும். கோழியின் சீரத்தைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தப் படிவரை அது கிருமியைச் சிவப்பணுக்களோடு ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று பார்ப்பதே எதிர்ப்பொருளை அளக்கும் எச்.ஐ. சோதனை. அதில் ஒரு படி வேறுபாடு சோதனையின் வழக்கமான பிசகுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், ஒரே ஒரு படி உயர்வைக் காட்டி விற்கப்படும் எந்தத் திரவத்துக்கும் நான் காசு கொடுக்கமாட்டேன்.

மூன்றாவதாக நம் ஊர் மூலிகைகள். மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அது அழற்சியைத் தணிக்கும் பொருள் என்பதால், தடுப்பூசிக்கு வேண்டிய நோயெதிர்ப்புத் தூண்டலை அது கூட்டும் என்று தானாகவே முடிவுகட்டிவிட முடியாது. துளசி, அமுக்கரா பற்றி நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டென்றாலும், இலை பறித்த பருவத்துக்கும் காயவைத்த விதத்துக்கும் ஏற்ப வீரியம் மாறுவதால் அளவு சொல்வது கடினம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்குக் கொடுக்கும் லசோட்டா என்ற தடுப்பு மருந்து உயிருள்ள கிருமியைக் கொண்டது. அந்தக் கிருமி கோழியின் உடலுக்குள் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். கிருமியை அடக்கும் என்று நம்பி நிலவேம்பைக் கொடுப்பவர் அதையே மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், தடுப்பூசியின் காலை அவரே வாருகிறார். சென்ற ஐப்பசியில் செங்குன்றம் பக்கம் ஒரு கொட்டகையில், கரும்பச்சைக் கஷாயம் நிறைந்த வாளிக்குள் குப்பி மருந்து ஊற்றப்படுவதை நேரிலேயே பார்த்தேன். அதே கொட்டகையின் மூலையில், மழைச்சாரல் பட்ட மக்காச்சோள மூட்டையில் பூஞ்சை படர்ந்திருந்தது; அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு நோயெதிர்ப்பைக் குலைப்பதை எந்த வேரும் இலையும் ஈடுகட்டாது.

சிறிய மந்தைக்கு நான் தேர்வது இதுதான்: மஞ்சளும் துளசியும் உலர்ந்த தீவனத்தில் இருக்கட்டும், மருந்து கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் அவற்றை நிறுத்திவிடலாம், ஜின்செங்குக்கு ஆகும் செலவைக் காய்ந்த, நல்ல சோளத்துக்குத் திருப்பிவிடலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் உயிருள்ள மருந்தைக் கெடுத்துவிடும் என்பதால், லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் விட்டு, அதன் பிறகே குப்பியைத் திறக்க வேண்டும்.