ஆறு ஆண்டு ஆன்டாலஜி அனுபவம்: கோபுரம் வாசலா, டவரா?

போன வாரம் காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். செட்டிநாட்டு வீடுகளை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பவர். "அண்ணே, நீங்க கோயிலுக்கு வச்சிருக்கீங்களே அந்த ஆன்டாலஜி, அதிலேயே எங்க வீடுகளையும் ஏத்திரலாமா?" என்று கேட்டார். ஆன்டாலஜி என்றால், ஒவ்வொரு பொருளும் எந்த வகை, எதன் உள்வகை, அதற்கு என்னென்ன பண்புகள் என்று கணினிக்குச் சொல்லும் வகைப்பாட்டு அமைப்பு. அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களை இரண்டாம் முறையாக ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தி, மூடியிருந்தேன். போனில் கோபம்தான் முதலில் வந்தது. நிதானமாகச் சொல்லவேண்டியதை இங்கே சொல்கிறேன்.

எங்கள் சின்னக் குழு ஆறு ஆண்டுக்கு முன்னால் கட்டடங்களுக்கென்று இருந்த ஒரு திறந்த ஆன்டாலஜியை எடுத்து, அதன் தமிழ்ப் பெயர்களோடு அப்படியே வைத்துக்கொண்டு, எங்கள் கோயில் தகவல்களை ஏற்றத் தொடங்கியது. முந்நூறு கோயிலுக்கு மேல் ஏறிவிட்டது. வாரத்தில் நாலு நாளாவது நான் அதற்குள்தான் இருக்கிறேன். நல்லதும் கெட்டதும் பழகித் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் கெட்டது. ஒரே ஒரு சொல்: கோபுரம்.

புதுப் பதிவைத் திறந்தால் முதல் கட்டம் 'இது என்ன?' என்று கேட்கும். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு 'கோபுரம்' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. மேலே வகை வரிசை தெரிந்தது: கோபுரம், உயரக் கட்டமைப்பு, கட்டமைப்பு. அப்புறம் அது கேட்ட விவரங்களைப் பாருங்கள். ஆன்டெனா உண்டா? எஃகுச் சட்டமா, கான்கிரீட்டா? எதைத் தாங்குகிறது? கோபுரம் என்று தேடினால் எங்கள் பதின்மூன்று நிலை ராஜகோபுரத்துக்கு முன்னும் பின்னும் செல்போன் கோபுரங்கள், உயர் மின்கோபுரங்கள், ஈஃபிள் கோபுரம். அந்த வகையின் தமிழ்ப் பெயர்தான் கோபுரம். உள்ளே இருப்பதெல்லாம் டவர்.

யார்மேல் குற்றம் என்று யோசித்தால் நியாயமாக நம்மேலும் கொஞ்சம் உண்டு. செல்போன் டவருக்குக் கோபுரம் என்று பெயர் வைத்தது நாம்தான். செய்தித்தாளில் தினமும் அப்படித்தான் வருகிறது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். ஆனால் கோயில் கோபுரம் அடிப்படையில் ஒரு வாசல். அதன் அடியில் நுழைந்துதான் உள்ளே போகிறோம். நிலைகள் எத்தனை அடுக்கினாலும் அது திறந்துவிடும் வழிக்கு மேலே நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் இரண்டு கோபுரங்களையும் சோழர் கல்வெட்டு என்ன பெயரில் சொல்கிறது? கேரளாந்தகன் திருவாசல், இராஜராஜன் திருவாசல். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கட்டியவர்களே இது எந்த வகை என்று கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள். அதை வாயில் என்ற வகைக்குக் கீழே வைக்காமல் டவருக்குக் கீழே வைத்தால் எனக்கு ஆறவில்லை.

இது பெயர்ச்சண்டை மட்டும் என்றால் விட்டுவிடுவேன். வகை தப்பானால் கணக்கும் தப்பாகிறது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக 'உயரமான கோயில்கள்' என்று ஒரு பட்டியல் எடுத்தோம். ஸ்ரீரங்கம் 236 அடி, தஞ்சாவூர் 216 அடி என்று வரிசையாக வந்தது. எண்களில் பிழையில்லை. ஆனால் 236 அடி என்பது வெளி வாசலின் உயரம். 216 அடி என்பது கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் உயரம். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு மேலே இருக்கும் தங்க விமானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சிறியது என்று. தஞ்சாவூரிலோ வாசல்கள் தாழ்ந்து, விமானம் ஓங்கி நிற்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலை எப்படித் திரும்பியது என்பதே இந்த இரண்டு உயரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. சோழர் காலத்தில் கருவறை உயர்ந்தது. பின்னால் வந்தவர்கள் வாசலை உயர்த்தினார்கள். 'கோயில்: உயரம்' என்ற ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டதும் அந்தக் கதை அப்படியே மறைந்துவிட்டது. ஒரு ஆசிரியை வந்து, "ஸ்ரீரங்கம் பெரிசா, தஞ்சாவூர் பெரிசா சார்?" என்று கேட்டபோது விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

தேதியும் இப்படித்தான். ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு நின்றுபோய், 1987-இல்தான் முழுதாக எழுந்தது. பகுதியின் தேதியை முழுமைக்கும் ஏற்றிக்கொள்ளும் ஒரு விதி உள்ளே இருந்ததால், ஆழ்வார்கள் பாடிய கோயில் சில மாதங்கள் எங்கள் தளத்தில் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடமாக இருந்தது. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகுதான் பார்த்தோம். அன்று பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது.

சரி, ஸ்ரீரங்கம் கட்டடமா என்றே கேட்கலாம். போன மார்கழியில் எல்லை குறிப்பதற்காகச் சித்திரை வீதியில் ஜிபிஎஸ் கருவியோடு நின்றேன். ஒரு பக்கம் வாழைக்காய்க் கடை, எதிரே ஒரு வீட்டுத் திண்ணையில் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது ஆறாவது திருச்சுற்று, அதாவது மதில் சூழ்ந்த வளையம். கோயிலுக்கு உள்ளேதான் நிற்கிறேன். ஏழு திருச்சுற்று, இருபத்தொரு கோபுரம், 156 ஏக்கர். வெளிச் சுற்றுகளில் வீடும் கடையும் பேருந்தும். தாத்தாவின் வீடு கோயிலின் பகுதியா, கோயிலுக்குள் இருக்கிறதா? எங்கள் ஆன்டாலஜியில் கோயில் என்பது கட்டடத்தின் உள்வகை. எத்தனை மாடி என்று கேட்கிறது. அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் வைத்திருக்கும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் தனிக் கட்டடங்களை ஒரு கிளையிலும் வளாகங்களையும் குடியிருப்புப் பகுதிகளையும் இன்னொரு கிளையிலும் வைத்திருக்கிறது. அது சரியான புத்தி. எங்களுடையதில் அந்தப் பிரிப்பு இல்லை.

பாறையைக் குடைந்து ஆக்கிய குடைவரைக் கோயில்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயில் ஆக்கப்பட்டது என்கிறது. எங்கள் படிவமோ கட்டுமானப் பொருளைக் கட்டாயமாகக் கேட்கிறது. அரசன் இல்லை என்று பெருமையாகச் சொன்ன நாலையும்தான் பட்டியலில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல். அவற்றைச் சிற்பம் என்று போட்டால் சிற்பிக்கான கட்டங்கள் வருகின்றன, கட்டடம் என்று போட்டால் அஸ்திவாரம் கேட்கிறது. அருங்காட்சியகத்துக்காரர்கள் பயன்படுத்தும் சிடாக் சிஆர்எம் மாதிரியில் இதற்கு ஒரு இடம் உண்டு. தனியாக எடுத்து நகர்த்த முடியாமல் இடத்தோடு ஒட்டியே இருக்கும், மனிதன் ஆக்கிய கூறு என்று ஒரு வகை. செயற்கைக் குகைகளும் வாய்க்கால்களும் அதில் வரும். மண்டகப்பட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நம்மிடமே பிரிவுகள் இல்லாமலா போயிற்று? அப்பர் ஏழாம் நூற்றாண்டில் கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று பெருங்கோயிலிலிருந்து பிரித்துப் பாடியிருக்கிறார். இராஜராஜன் தன் கோயிலைத் திருக்கற்றளி என்றான். கல்லால் ஆன தளி, அதாவது கோயில், என்று பொருளும் வகையும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. கட்டடம் என்றும் கட்டிடம் என்றும் நாம் மாற்றி மாற்றி எழுதுவதில்கூட ஒரு வேறுபாடு இருக்கிறது: கட்டியது ஒன்று, கட்டுவதற்கான இடம் இன்னொன்று என்று பிரித்துச் சொல்லும் புலவர்கள் உண்டு. கட்டடம் பொருளா, இடமா என்று ஆன்டாலஜிக்காரர்கள் அடித்துக்கொள்வதும் இதே விஷயம்தான். விக்கிப்பீடியாத் தகவல்களை வகைப்படுத்தும் டிபிபீடியா கட்டடத்தை இடத்துக்குக் கீழே வைக்கிறது. இணையப் பக்கங்களுக்கான வகைப் பட்டியலான ஸ்கீமா.ஆர்க் மருத்துவமனையை இடத்துக்குக் கீழேயும் நிறுவனத்துக்குக் கீழேயும் ஒரே நேரத்தில் வைக்கிறது.

அந்த இடத்தில்தான் எங்கள் ஆன்டாலஜியைப் பாராட்ட வேண்டும், மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு பதிவுக்கு எத்தனை வகை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் போடலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்பது சென்னை உயர் நீதிமன்றத்தை ஏற்றிய அன்று புரிந்தது. நீதிமன்றம் என்ற நிறுவனம் 1862-இல் வந்தது. இப்போதைய சிவப்புக் கட்டடம் 1892-இல். அதன் உயரமான குவிமாடத்தில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. மெரினாவில் புது விளக்கு வந்த பிறகுதான் அணைந்தது. அதே வளாகத்தில் அதற்கு முந்தைய கலங்கரை விளக்கமாக 1844-இலிருந்து எரிந்த கல்தூணும் நிற்கிறது. நிறுவனத்துக்கு ஒரு பதிவு, கட்டடத்துக்கு ஒரு பதிவு, கட்டடத்தின் பதிவில் 'கலங்கரை விளக்கம், 1894–1977' என்று ஒரு வரி. சேமித்துவிட்டு, கடற்கரையின் பழைய விளக்குகளைக் காட்டு என்று கேட்டேன். வரைபடத்தில் கோட்டைப் பக்கத்தில் அந்தப் புள்ளி எரிந்தது. கீழே ஆண்டை நகர்த்தினால் 1977-இல் அணைந்து, கொஞ்சம் தெற்கே மெரினாவில் எரிகிறது. அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சென்னை ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடத்துக்கும் இதே வழிதான். 2010-இல் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறந்தார்கள், 2014-இலிருந்து மருத்துவமனை. எதற்காகக் கட்டியது என்பதை ஒரு கட்டத்திலும் எதற்குப் பயன்படுகிறது என்பதை இன்னொரு கட்டத்திலும் போட்டுவிடலாம். எல்லாரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்கள் வெகுகாலமாக இப்படித்தான் பிரிக்கிறார்கள்; நாங்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டோம்.

இவ்வளவு நல்ல கருவி. பிறகு ஏன் கோபம் என்றால், போன மாதம் அந்த ஆன்டாலஜியின் புதுப் பதிப்பை ஏற்றினோம். மூன்று ஆண்டுக்கு முன் நான் 'கோபுர வாசல்' என்று ஒரு வகை உண்டாக்கி, வாயிலுக்குக் கீழே வைத்து, எல்லாக் கோபுரத்தையும் அங்கே மாற்றியிருந்தேன். புதுப் பதிப்பு, பெயர் ஒத்துப்போகிறது என்று அந்த வகையைத் தன் 'கோபுர'த்தோடு இணைத்துவிட்டது. ஒரே இரவில் எல்லாம் மறுபடி டவர். விமானங்கள் தப்பின, அவற்றைக் கூரை உறுப்பு என்று தனியாக வைத்திருந்ததால். மதுரையும் திருவண்ணாமலையும் சிதம்பரமும் ஆன்டெனா உண்டா என்ற கேள்வியோடு சிவப்பு எச்சரிக்கை காட்டி நின்றன. பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, இரண்டு சொல்லும் ஒன்றுதானே என்று கேட்டார்கள். கேரளாந்தகன் திருவாசல் கல்வெட்டை அனுப்பியிருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள்.

தம்பிக்கு வருகிறேன். உங்கள் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவரை ஓடுபவை. ஒன்றன் பின் ஒன்றாக முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்ற பகுதிகள். 'கட்டு' என்பதை எங்கள் ஆன்டாலஜியில் எங்கே வைப்பீர்கள்? அது அறையும் இல்லை, மாடியும் இல்லை. வளவைப் போட்டால் முற்றம் என்று எடுத்துக்கொண்டு திறந்தவெளிக் கிளைக்குத் தள்ளிவிடும். சுற்றியிருக்கும் தாழ்வாரமும் அறைகளும் அதோடு சேர்ந்ததுதான் என்று அதற்குத் தெரியாது. கோபுரத்துக்கு நடந்தது வளவுக்கும் நடக்கும். காலத்தோடு வகையைச் சேர்க்கும் வசதிக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. உங்கள் வீடுகளில் பல இன்று ஹோட்டல், கல்யாண மண்டபம் என்று மாறியிருப்பதால் அந்த வசதி உங்களுக்கு எங்களைவிட அதிகம் உதவும். அப்படியிருந்தும் இப்போதைக்கு ஏற்றாதீர்கள். எக்செலிலேயே வையுங்கள். வீட்டுக்காரர் எந்தப் பெயரில் சொல்கிறாரோ அதையே ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள், வகைப் பத்தியைக் காலியாக விடுங்கள்.

நாங்கள் இதை விட்டுப் போகவில்லை. ராத்திரி உட்கார்ந்து மறுபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வகைக்குப் பெயரே 'திருவாசல்' என்று வைத்துவிட்டேன், எந்த டவரோடும் இணைய முடியாதபடி. கேரளாந்தகனையும் இராஜராஜனையும் முதலில் மாற்றினேன். திருவண்ணாமலையில் ராஜகோபுரம் முடிந்தது, மற்றவை பாக்கி.