பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாறும்போது: ஒவ்வொன்றாக மாற்றுவதா, புதிய பூலுக்குக் குடிபோவதா?

வீட்டு நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துத் தரும்) பெட்டியில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ரெய்டு-இசட்1, அதாவது ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும் அமைப்பு. இப்படிச் சேர்ந்த டிஸ்க் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். பாரிட்டிக்கு (கெட்டதை மீட்க வைக்கும் கூடுதல் தரவு) ஒன்றின் அளவு போக மிஞ்சுவது 12 டெராபைட், அதில் 9 நிறைந்துவிட்டது. இந்த நிலையில் இருப்பவருக்கு மூன்று வழி உண்டு: டிஸ்க்கை ஒவ்வொன்றாக மாற்றுவது, புதிய பூலுக்குப் போவது, ஆர்சிங்க் என்ற நிரலால் கோப்புகளை நகலெடுப்பது.

பலரும் முதலில் சொல்வது ஒவ்வொன்றாக மாற்றுவதைத்தான். பழையது ஒன்றைக் கழற்றி, பெரியதை மாட்டி, ரீசில்வர் (புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதி நிரப்புவது) முடிந்ததும் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஷேர்கள் (பகிர்ந்த கோப்புறைகள்) அப்படியே இருக்கும், வேறு கணினியும் தேவையில்லை. இசட்எஃப்எஸ் நிறைந்த பகுதியை மட்டுமே எழுதும் என்பதால் டிஸ்க்குக்கு 3 டெராபைட்தான். நேரம் ஒரு பெரிய தடை இல்லை.

எனக்குப் பிடிக்காதது வேறு. ரெய்டு-இசட்1-இல் ஒரு டிஸ்க்கைக் கழற்றிய நொடியில் பாதுகாப்பு போய்விடுகிறது. மீதி மூன்றிலும் உள்ளதை எல்லாம் படித்துத்தான் புதியது நிரம்ப வேண்டும். வரிசையில் கடைசியாக நிற்கும் பழைய டிஸ்க் இப்படி மூன்று முறை படிக்கப்படும். நான்கும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் ஏறக்குறைய ஒன்றாகவே கிழடாகியிருக்கும். முன்பு நான் இப்படி மாற்றியபோது மூன்றாவது சுற்றில் இன்னொரு பழைய டிஸ்க்கில் படிப்புப் பிழை வந்தது. பூல் பிழைத்தது, கெட்டுப்போன கோப்புகளின் பட்டியலும் வந்தது. அதில் அப்பாவின் படங்கள் சில இருந்தன. அன்றிலிருந்து இந்த வழியை யாருக்கும் முதலில் சொல்வதில்லை. டிஸ்க்கை மாட்ட ஐந்தாவது சாட்டா போர்ட் இருந்தால் மட்டும் கதை மாறும்: பழையதைக் கழற்றாமலே ரீப்ளேஸ் கட்டளை கொடுக்கலாம், பாதுகாப்பு குறையாது.

செலவையும் பாருங்கள். நான்காவது டிஸ்க்கும் மாறிய பிறகே கூடுதல் இடம் கிடைக்கும், அதுவும் ஆட்டோஎக்ஸ்பேண்ட் (பூல் தானாக விரியும் வசதி) ஆனில் இருந்தால். சினாலஜி நாஸ் பெட்டிகளின் எஸ்எச்ஆர் என்ற ரெய்டு முறை இதில் தாராளம். இரண்டு பெரிய டிஸ்க் போட்டாலே இடம் கூடும். ரெய்டு-இசட்டை நான்கிலிருந்து இரண்டு டிஸ்க்காகக் குறைக்கவும் முடியாது.

புதிய பூலில் அந்தக் கட்டு இல்லை. 16 டெராபைட் டிஸ்க் இரண்டை மிரராக (இரண்டிலும் ஒரே தரவு) வைத்தால் 16 டெராபைட் கிடைக்கும். டிஸ்க் பாதி, சத்தமும் மின்சாரமும் குறைவு. பெட்டியில் இடமில்லை என்றால் டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி 3 டாக் போதும். புதிய டிஸ்க் ஒன்றில் தனி பூல் உருவாக்குங்கள். ஆஷிஃப்ட்டை (டிஸ்க்கின் செக்டர் அளவைக் குறிக்கும் எண்) 12 என்று நீங்களே கொடுங்கள், பின்னால் அதை மாற்ற முடியாது. பழைய பூலில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலைப் பதிவு) எடுத்து, அதைப் புதிய பூலுக்கு அனுப்பும் சென்ட்-ரிசீவ் ஓட்டினால், நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் 9 டெராபைட்டுக்குச் சுமார் 14 மணி நேரம். யுஎஸ்பி 2 என்றால் இரண்டரை நாளைத் தாண்டும்.

பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு ஸ்னாப்ஷாட். இடையில் மாறியது மட்டும் சில நிமிடத்தில் போய்விடும். இரண்டு பூலையும் எக்ஸ்போர்ட் செய்து (கழற்றத் தயாராக விடுவித்து), பழைய நான்கையும் எடுத்து வைத்து, புதியதை உள்ளே மாட்டிப் பழைய பெயரிலேயே இம்போர்ட் செய்யுங்கள். இரண்டாவது டிஸ்க்கை அட்டாச் செய்ததும் மிரர் உருவாகத் தொடங்கும். அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரே பிரதிதான். ஆனால் முழுமையான பழைய பூல் அலமாரியில் இருக்கிறதே! முதல் வழியில் இந்த நிம்மதி கிடையாது.

ஆர்சிங்க்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எக்ஸ்ட்4-இலிருந்து இசட்எஃப்எஸ்ஸுக்குப் போவது போல கோப்பு முறையே மாறும்போது அதுதான் வழி. மற்றபடி பழைய ஸ்னாப்ஷாட்கள் வராது, லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளில் திணறும்.

எந்த வழியானாலும் எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) டிஸ்க் வாங்காதீர்கள். ரீசில்வரில் அவை படுத்துவிடும். டபிள்யூடி ரெட் வரிசையில் சில எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. புதிய டிஸ்க்கை பேட்பிளாக்ஸ் என்ற சோதனை நிரல் கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள், 16 டெராபைட்டுக்கு ஒரு வாரம் பிடித்தாலும் பரவாயில்லை. 18 டெராபைட் என்றால் பிளாக் அளவை 8192 ஆக்க வேண்டும், 4096-இல் ஓடாது. மிரர் முடிந்து ஒரு ஸ்க்ரப் (பூல் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) பிழையில்லாமல் முடியும்வரை பழைய நான்கையும் அழிக்காதீர்கள்.